மேல்மூடியா, முன்கதவா

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் முதுகைப் பற்றி யோசிக்க வேண்டும். அளவு, நிறம், சத்தம் எல்லாம் பிறகுதான். குனிந்து நிமிர முடியாதவர்களுக்கு டாப் லோடு. கை எட்டாமல், அடியில் ஒட்டிக்கொண்ட காலுறையை எடுக்க எம்பிக் குதிப்பவர்களுக்கு ஃப்ரண்ட் லோடு. நீங்கள் உயரமானவர், ஐயா. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு டாப் லோடுதான் சரிப்படும்.

சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. கோபெ நகரில் ஒரு பெரிய மின்சாதனக் கடையில் பல வருடங்கள் இதுதான் என் வேலை. கொஹரு பிறந்த பிறகுதான் நின்றேன். வந்து நிற்கும் விதத்தைப் பார்த்தே யார் எதை வாங்கிப் போவார் என்று சொல்லிவிடுவேன். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால், பேசுகிறவரைக் கவனிக்கக் கூடாது. பேசாமல் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவரிடம்தான் பேச வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, பயமுறுத்தவே கூடாது. பயந்துபோனவர்களுக்குச் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

நீங்கள் மாமாவைப் பற்றி, என் மாமனாரைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். அதற்குத்தான் வருகிறேன். மெஷினை விட்டுவிட்டுச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கோர்வையாகச் சொன்னால் நான் அப்படியொன்றும் பொல்லாதவள் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீடு நகாதாவில் இருக்கிறது. செருப்புப் பட்டறைகள் நிறைந்த பகுதி. மாமா ஷின்கிச்சியும் அந்தத் தொழிலில் இருந்தவர்தான், ரப்பர் அடிப்பாகம் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார். என் கணவர் தெப்பெய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். முறை மாற்றி மாற்றி வேலை என்பதால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் மூன்று பேர்தான்: மாமா, நான், இரண்டு வயது முடிந்த என் மகள் கொஹரு.

மாமாவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். சொன்னால் என் பக்கம் கொஞ்சம் பலம் கூடும், ஆனால் அது பொய். மாமியார் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்படக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கடையில் என் கூட்டாளிப் பெண்கள் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மாமா என்னைக் 'கடைக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்து வழக்கப்படி சோற்றையும் நூடுல்ஸையும் சேர்த்துக் கொத்தி வறுத்துக் கொடுத்தால் தட்டை வழித்துவிட்டு, “கடைக்காரம்மா, இத தவணையில குடுக்க முடியுமா? நாளைக்கும் ஒரு தவணை வேணும்” என்பார். கொஹருவைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் ரயில் காட்டிவிட்டு வருவார்.

பிரச்சினை தண்ணீர்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் தொட்டியில் வெந்நீர் நிரப்புகிறோம். வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டு, பெரியவர் முதலில் தொட்டியில் இறங்குகிறார், பிறகு ஒவ்வொருவராக அதே தண்ணீரில். அதைக் கொட்ட மனசு வராமல் மறுநாள் காலை துணி துவைக்க வைத்துக்கொள்கிறோம். டாப் லோடு மெஷினோடு ஒரு குழாய் வரும், அதன் நுனியைத் தொட்டிக்குள் போட்டால் மெஷின் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ரண்ட் லோடில் பலவற்றுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதற்குத் தண்ணீரே கொஞ்சம்தான் வேண்டும். கடையில் இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் துவைக்கிற வீட்டில், ராத்திரி முழுக்கத் தொட்டி நிறைந்திருக்கும். எங்கள் வீட்டில் பகலிலும் நிறைந்திருக்கும். காலையில் துவைத்து முடித்த கையோடு மாமா தொட்டியைக் கழுவி, உடனே புதுத் தண்ணீர் பிடித்துவிடுவார். எங்கள் தொட்டி காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மெஷின் கிழடு. தெப்பெய் பள்ளிக்கூடம் முடித்த வருடம் வாங்கியதாம். இந்த இலையுதிர் காலத்தில் அது பிழிவதை நிறுத்திவிட்டது. துவைக்கும், அலசும், பிழிய வேண்டிய நேரத்தில் கடகடவென்று வீட்டையே ஆட்டிவிட்டு நின்றுவிடும். முதல் தடவை அது அப்படி ஆடியபோது மாமாவைக் காணவில்லை என்று தேடினேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கொஹரு விளையாட்டென்று நினைத்துத் தானும் உள்ளே புகுந்துகொண்டாள்.

புது மெஷின் வாங்க வேண்டும் என்று முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு வந்தது.

“டாப் லோடுதான்மா. குழாய் இருக்கணும். வேற எதப் பத்தியும் எனக்குக் கவலையில்ல” என்றார் மாமா.

“இப்ப வர்ற ஃப்ரண்ட் லோடுக்குத் தொட்டித் தண்ணியே தேவையில்ல மாமா.”

“தேவையில்லன்னா?”

“குளிச்சு முடிச்சதும் அடைப்ப எடுத்துவிட்டுடலாம். தொட்டி காஞ்சு சுத்தமா இருக்கும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அந்தப் பொட்டிக்குள்ள புள்ள ஏறி உக்காந்துக்கிட்டா? கதவு சாத்திக்கிட்டா? உள்ளேருந்து கத்துனா வெளிய கேக்குமா? நீ வித்தவதான, நீயே சொல்லு.”

கேட்காது, ஐயா. விற்றவளுக்குத் தெரியும். அதனால்தான் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஃப்ரண்ட் லோடு விற்றால், வேலை இல்லாத நேரத்தில் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புவோம். கதவு உள்ள பெட்டியைப் பூட்டலாம், தொட்டியைப் பூட்ட முடியாது. இதை நான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

தெப்பெயிடம் கேட்டோம். “மேல தொறந்தா என்ன, முன்னால தொறந்தா என்ன, துணி நனஞ்சா சரி. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் ஜட்டி இல்லாம கிரேன் ஏறப்போறேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எதையும் சிரித்துக் கழித்துவிடுகிற ஆள் அவர். தனியாகக் கேட்டபோது மட்டும் சிரிக்கவில்லை. “தொட்டி விஷயத்த மட்டும் அப்பாகிட்ட எடுக்காத, மிவாகோ” என்றார்.

எடுக்க வேண்டி வந்துவிட்டது.

ஒரு நாள் மதியம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமா வெளியே போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அமைதி என்பது எவ்வளவு கெட்டது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். போட்டது போட்டபடி ஓடினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. கொஹரு குளிக்கிற முக்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி அதன்மேல் ஏறியிருந்தாள். வயிறு தொட்டியின் விளிம்பில் இருந்தது, இரண்டு கால்களும் அந்தரத்தில் இருந்தன. தலை கீழே தொங்க, தண்ணீரைத் தட்டித் தட்டி, அதில் தெரிந்த குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “வா, வா” என்றாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு உள்ளே விழுந்துவிடுவாள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. மெதுவாக நடந்துபோய்ப் பின்னால் இருந்து சட்டையைப் பற்றித் தூக்கினேன். பிறகு துணி மாற்றும் இடத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றுக்குள் யாரோ ஈரக் கையை விட்டுப் பிசைவது போல இருந்தது. அந்தக் கை அன்றைக்கு உள்ளே போனது, பிறகு வெளியே வரவேயில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடைப்பை எடுத்துவிட்டேன். முழுத் தண்ணீரும் போகும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

மாமா திரும்பி வந்து கை கழுவப் போனவர், காலித் தொட்டியைப் பார்த்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் இறங்கி அடைப்பை அழுத்தி வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறும் வரை உள்ளேயே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். என் மாமியார் ஃபுசாகோவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“அவ சுத்தக்காரி. ராத்திரி தொட்டியத் தேச்சுக் காயவைக்காம படுக்கமாட்டா. அன்னிக்கு விடியக்காலம் பூமி ஆடுச்சு. வீடு அப்படியே உக்காந்துருச்சு. தெப்பெயையும் என்னையும் பக்கத்து வீட்டுக்காரங்க இழுத்துட்டாங்க. அவ உள்ள மாட்டிக்கிட்டா. பேசிக்கிட்டுதான் இருந்தா, மிவாகோ. கால் மாட்டிருக்குன்னு சொன்னா, புள்ளைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுன்னு சொன்னா. அப்புறம் பட்டறைப் பக்கத்துலேருந்து தீ வந்துச்சு. தீயணைக்கிறவங்க வந்தாங்க, குழாயில தண்ணி இல்ல. எங்கயும் இல்ல. நான் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். எங்க வீட்டுல சுவரெல்லாம் விழுந்து தொட்டி மட்டும் வெட்டவெளியில நின்னுக்கிட்டிருந்துச்சு. பளபளன்னு இருந்துச்சும்மா. ஒரு சொட்டு இல்ல.”

நான் அழுதேன், ஐயா. எனக்கும் மனசு இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன். அவர் பயம் எவ்வளவு நியாயமானது என்று புரிந்தது. அதனால்தான் அது போகாது என்றும் புரிந்தது. கடையில் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். ஒரு தடவை ஒரு பொருளால் அடிபட்டவர்களிடம் எந்த நியாயமும் எடுபடாது. அவர்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம். வீட்டுக்குள் அடுத்த ஆள் கிடையாது.

குளியலறைக் கதவில் உயரமாக ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். மறுநாளே அவர் அதைக் கழற்றிவிட்டார். “நெலம் ஆடினா தாழ்ப்பா சிக்கிக்கும்மா. உள்ள இருக்கிறவங்க வெளிய வர முடியாது” என்றார். திருகாணிகளைத் துடைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு என்னிடமே கொடுத்தார். அவ்வளவு மரியாதையான மனிதர். தொட்டிக்கு மூடி இல்லையா என்று நேற்று உங்கள் உடன் வந்த பெண் அதிகாரி கேட்டார். இருக்கிறது, சுருட்டி வைக்கிற மூடிதான். பெரியவர்களுக்கு அது மூடி. சின்னக் குழந்தை அதன்மேல் ஏறினால் மூடியோடு உள்ளே போய்விடும், மூடி மேலே வந்து சாத்திக்கொள்ளும். இதுவும் எனக்குத் தெரியும். நான் தெரிந்துவைத்திருந்தது எல்லாமே எனக்கு எதிராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கொஹருவை நான் கீழே விடவில்லை. சமைக்கும்போது முதுகில் கட்டிக்கொண்டேன். கழிப்பறைக்குப் போகும்போதும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் வர வேண்டும் என்று தொட்டிக்குள் பூதம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பூதத்துக்குப் பிஸ்கட் கொண்டு போனாள். அவளுக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருந்தது. காலையில் மாமா தொட்டியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் பல் கிட்டிக்கொள்ளும். அவர் விசிலடித்துக்கொண்டே பிடிப்பார். என் குழந்தைக்குக் குழி வெட்டுகிற ஒருவர் விசிலடிக்கிறார் என்று தோன்றும். அப்படித் தோன்றுவது தப்பு என்றும் தெரியும். சாப்பாடு போட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

குளிர் தொடங்கியபோது மாமாவுக்குத் தொட்டியில் ஒரு தடவை தலை சுற்றியது. தெப்பெய் வீட்டில் இருந்ததால் தூக்கிவிட்டார். வயசானவர்களுக்குக் குளிர்காலத்தில் இப்படி ஆகும், வெந்நீரில் இருக்கும்போது அடிக்கடி குரல் கொடுங்கள், மயங்கினால் தூக்க முயலாமல் முதலில் அடைப்பை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் சமையலறையில் சின்னதாக ஒரு பாட்டு கேட்கும். ஏதாவது என்றால் அதை அழுத்தச் சொன்னோம்.

நானும் ஒழுங்காகத்தான் குரல் கொடுத்தேன்.

“மாமா, இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. நான் இன்னும் வெந்து சூப் ஆகல.”

தினமும் இதையேதான் சொல்வார். தினமும் நான் சிரிப்பேன். ஒரு நாள் சிரித்துவிட்டு அடுப்புக்குத் திரும்பியபோது, இந்த வீட்டில் அந்தத் தொட்டி நிறைந்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான் என்று தோன்றியது. மெஷினை மாற்றினாலும், தாழ்ப்பாளை மாற்றினாலும், அந்தக் காரணம் இருக்கும் வரை தண்ணீரும் இருக்கும். இதை நான் கோபத்தோடு நினைக்கவில்லை. முள்ளங்கியை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டே, நிதானமாகத்தான் நினைத்தேன். அதுவரை இருந்த நடுக்கம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

இனி அந்தச் சாயங்காலம். தெப்பெய்க்குப் பிற்பகல் முறை. மாமா வழக்கம்போல முதலில் குளிக்கப் போனார். நான் சாதம் வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். பாட்டு கேட்டது.

முதலில் உங்களிடம் பாட்டு எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்டது. சந்தோஷமான பாட்டு, ஐயா, பொம்மைக் கடையில் போடுகிற மாதிரி. நின்றது. மறுபடியும் கேட்டது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத்தான் போனேன். குழம்பு அடிப்பிடித்துவிடும் என்பதற்காக.

குளியலறையின் மடக்குக் கதவைத் திறந்தேன். அவர் ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தார். ஒரு கை பொத்தானிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கால் வழுக்கி முன்னால் நீண்டிருந்தது, தாடை வரைக்கும் தண்ணீர். முகம் சிவந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

“மிவாகோ” என்றார். கடைக்காரம்மா என்று சொல்லவில்லை. “கை வரல. தண்ணிய எடுத்துவிடும்மா.”

இத்தனை வருடம் ஒரு சொட்டுக்கூட வெளியே போகவிடாத மனிதர் கேட்கிறார். அடைப்பின் சங்கிலி என் பக்கம்தான் இருந்தது. குனிய வேண்டியதுகூட இல்லை.

“தொவைக்கணுமே மாமா” என்றேன்.

கேலியாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுதான் வழக்கம், வாயில் அதுதான் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லை போல. “மிவாகோ, பயமாருக்கும்மா” என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மாமா, பல நாளாகவே பயமாகத்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன். அது லேசான கதவு, உள்ளிருந்து தட்டினால் திறந்துகொள்ளும், அதனால் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டிய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு மறுபடி வரவில்லை.

பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது இயல்பாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் போகத் திரும்பினேன், மெஷினில் துணி கிடந்தது. வழக்கமாகக் காலையில்தான் துவைப்போம், எல்லாரும் குளித்து முடித்த பிறகு. அந்தத் தண்ணீரில் இனி யாரும் இறங்கப் போவதில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போதே துவைத்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கதவைத் திறந்து, குழாயின் நுனியை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு, மெஷினின் பொத்தானை அழுத்தினேன். மெஷின் உறிஞ்ச ஆரம்பித்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது, அவர் முகம் வெளியே வந்தது. பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அந்த ஒரு பழக்கம்தான் என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. ஆம்புலன்சில் வந்த பையன் தொட்டியைப் பார்த்தான், தண்ணீர் இடுப்புக்குக்கூட இல்லை. குழாயைப் பார்த்தான். மெஷின் மூடியைத் திறந்து பார்த்தான். அவன் வீட்டிலும் டாப் லோடாகத்தான் இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் யாருக்கோ போன் செய்தான். ஃப்ரண்ட் லோடு வாங்கியிருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் அப்போது நினைத்தேன்.

கடையிலிருந்து தெப்பெய்க்குப் போன் வந்ததாகச் சொன்னீர்கள். என் பழைய கடைதான். புது மெஷினை எப்போது கொண்டு வரலாம் என்று கேட்டார்களாம். அதை நான் சொல்லாமல் விட்டது மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அதனால் எதுவும் மாறப் போவதில்லை என்பதால்தான்.

அந்தச் சாயங்காலத்துக்கு முன்னால், அன்று மதியம் மாமா வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார். காலணியைக் கழற்றும்போதே கூப்பிட்டார்.

“கடைக்காரம்மா, ஜெயிச்சிட்ட. ஃப்ரண்ட் லோடுக்குச் சொல்லிட்டு வந்துட்டேன். பூட்டு இருக்கான்னு நாலு வாட்டி கேட்டேன், அந்தப் பொண்ணு என்னை அடிக்காத குறைதான்.”

நான் நம்பவில்லை. அவர் கொஹருவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலைமேல் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

“ராத்திரி முழுக்க யோசிச்சேன். செத்தவளுக்குத் தண்ணி சேத்து வச்சு, இருக்கிறவள முக்கிடக் கூடாதுல்ல. இன்னிலேருந்து எல்லாரும் குளிச்சு முடிச்சதும் எடுத்துவிட்டுரும்மா. ஒண்ணு மட்டும், எடுத்துவிடுறதுக்கு முன்னால என்கிட்ட சொல்லிடு. நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். அந்தத் தண்ணி போற சத்தம் மட்டும் எனக்குக் கேக்க வேணாம்.”

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எல்லாம் அவரே விட்டுக்கொடுத்த பிறகு ஏன் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஐயா, நான் விற்பனையில் இருந்தவள். வாங்கிக்கொள்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கடையில் இருக்கும்போது மனசார ஒப்புக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் பழைய நினைப்பு வந்துவிடும், மறுநாள் வேண்டாம் என்று போன் செய்வார்கள். வயசானவர்கள்தான் அதில் அதிகம். மாமா நல்லவர், ஆனால் ஒரு சின்ன நடுக்கம் வந்தால் போதும், மறுபடி தொட்டியை நிரப்பிவிடுவார். அவர் மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பாட்டு கேட்டபோது, மாறுவதற்கு முன்னால் என்று மட்டும்தான் தோன்றியது.

இன்னொன்றையும் சரிசெய்துவிடுகிறேன். கொஹரு தூங்கிக்கொண்டிருந்தாள் என்று முதலில் உங்களிடம் சொல்லியிருந்தேன். தூங்கவில்லை. என் இடுப்பில் இருந்தாள். கதவைத் திறந்தபோது “தாத்தா” என்றாள். அவர் கடைசியாகக் கையைத் தூக்கப் பார்த்தது அவளைப் பார்த்துத்தான். கதவைச் சாத்திவிட்டு நின்றபோது அவளும் தன் கையைக் கதவில் வைத்துக்கொண்டாள், நான் வைத்திருந்ததைப் பார்த்து. ஏன் அவளை வேறு அறையில் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்கிறீர்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிற வீட்டில் குழந்தையை எந்தத் தாய் தனியாக விடுவாள்?

தெப்பெய் அவளைத் தன் அத்தை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே குழாயைத் திறந்தாலே அலறுகிறாளாம். குளியலறை வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்கிறாளாம், ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு, பாவம் குழந்தை என்றீர்கள். எனக்கோ, இலையுதிர் காலத்திலிருந்து வயிற்றுக்குள் இருந்த அந்தக் கை முதல் தடவையாக வெளியே வந்தது. இனி அவள் தொட்டிப் பக்கமே போக மாட்டாள், ஐயா. என் குழந்தை பிழைத்துக்கொண்டாள்.